இரண்டையும் வைத்துக்கொள்

வெள்ளிக்கிழமை.
மினா அப்துல்லா யார்டில் இன்று
நானும் ஏசியும் மட்டும் டியூட்டி.
பழைய கணினி எட்டு வருஷத் தூசியை
உள்ளே வைத்துக்கொண்டு முனகுகிறது.
புதியது, திரையில் ஒட்டிய தாள் உரியாமல்,
பெண் பார்க்க வந்தவன்போல் விறைப்பாக.
நடுவே சிகரெட் பெட்டி அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்,
பச்சையாய்க் கண்ணடித்தபடி.

‘மீதம் நான்கு நிமிடம்’ என்றது.
டீ போட்டுக்கொண்டு வந்தேன்.
‘மீதம் பதினோரு மணி நேரம்’ என்றது.
பரவாயில்லை,
லீவு எப்போது என்று கேட்டால்
எங்கள் ஆபீசும் இப்படித்தான் சொல்லும்.

வெளியே மண்காற்று
கிரேன்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.
உள்ளே கோப்புகள் குடியேறின:
கேட் பாஸ்,
ஸ்லிங் சான்றிதழ்,
எல்லாரும் ஒரே நேரத்தில் கண்மூடிய பாதுகாப்புக் கூட்டப் படம்,
‘இறுதி’,
‘இறுதி புதியது’,
‘சத்தியமாக இதுதான் இறுதி’.
எல்லாம் நான் வைத்த பெயர்கள்.

பழைய கணினியில் இருந்தது முழுதும் வந்தாயிற்று.
பேக்கப்பில் இருப்பதையும் கொண்டுவா என்றேன்.
பாதியில் நின்றது.

இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது.
மாற்றவா? விட்டுவிடவா?
இரண்டையும் வைத்துக்கொள்ளவா?

கோப்பின் பெயர், ஓவர்டைம் ஆகஸ்ட்.
ஒன்று, முதல் தேதி இரவு இரண்டு மணிக்கு
தானாக எடுத்த நகல்.
மற்றது, நான்காம் தேதி மதியம்
நான் சேமித்தது.
நடுவில் குரியச்சன் சாரின் அறை,
ஏலக்காய் போட்ட சுலைமானி,
“கிளையண்ட் இவ்வளவு ஒத்துக்க மாட்டான்,
கொஞ்சம் பாத்துப் போடுங்க.”

பாத்துத்தான் போட்டேன்.

இரண்டையும் பக்கம் பக்கமாகத் திறந்தேன்.
பகலில் வெயிலுக்குத் தடை என்று
ராத்திரி முழுக்க வேலை நடந்த மாதம் அது.
தில் பகதூர் தாமாங், ரிக்கர்:
நூற்று நான்கு மணி நேரம். எழுபத்தெட்டு.
மரியசெல்வம், வெல்டர்:
தொண்ணூற்றாறு. எழுபது.
ரஃபீக்குல், ஹெல்ப்பர்:
நூற்றுப் பதினொன்று. அறுபத்திரண்டு.
அவனுக்குப் படிக்கத் தெரியாது,
அதனால் கூடக் கொஞ்சம்.

ராத்திரி இரண்டு மணிக்கு நகலெடுக்கும் ஏற்பாட்டைச்
செய்தவனும் நான்தான்.
அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ்,
லேமினேட் செய்தது,
இதே சுவரில் தொங்குகிறது.

மரியசெல்வம் ஒருமுறை வாசலில் நின்று கேட்டான்,
“அண்ணே, நாலு ராத்திரி விட்டுப்போச்சோ?”
ஹெல்மெட்டை மார்போடு பிடித்திருந்தான்.
“சிஸ்டத்துல இருக்கறதுதான் தம்பி” என்றேன்.
சிஸ்டத்தில் இருந்திருக்கிறது.
பொய் சொல்லவில்லை பார் என்று
இப்போது சிரித்துப் பார்த்தேன்.
ஏசி சத்தத்தில் எடுபடவில்லை.

‘விட்டுவிடு’ நீல நிறத்தில்,
எனக்காக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.
எண்டர் தட்டினால் போதும்,
யாரும் எதுவும் செய்ததாக ஆகாது.
‘மாற்று’ என்றால்
அவர்கள் உழைத்தது இருக்கும்,
நான் செய்தது இருக்காது.
அது இன்னும் வசதி.

சுட்டியைப் பிடித்தபடி
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
நல்லவனாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
விரல் வியர்த்தது, அவ்வளவே.
மூன்றாவதை அழுத்தினேன்.

முதல் தேதிக் கோப்பின் பெயருக்குப் பின்னால்
கணினி ஒரு 2 போட்டது.
உழைத்த மணிநேரம் நகலாம்.
வெட்டிய மணிநேரம் அசலாம்.
அதற்கு எப்படித் தெரியும்.

‘மீதம் இரண்டு நிமிடம்’ என்கிறது இப்போது.
நம்பவில்லை.
மரியசெல்வம் போன வருஷமே
வேறு கம்பெனிக்கு மாறி ஜஹ்ராவில் இருக்கிறான்.
எண் இன்னும் அதுதானா தெரியாது.
போட்டேன்.

மணி போகிறது.